காரணம் பிடிபடாத படபடப்பும் தன்னுடல் தாக்குநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஷோகிரன் நோயும் ஹாஷிமோட்டோ தைராய்டு நோயும் இருக்கின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் சொந்த உறுப்புகளையே தாக்குவதால் வருபவை இவை. முதலாவது கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளை வற்றவைக்கிறது. இரண்டாவது தைராய்டு சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. இவற்றோடு சேர்ந்து, சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும் தொல்லையும் வந்தது. அதற்கான காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. கடலூரில் வசிக்கிறேன், சிகிச்சைக்குப் புதுச்சேரி போய்வருகிறேன். மருத்துவமனைகளில் காத்திருக்கும்போதும், தெரிந்தவர்கள் வழியாகவும், லூபஸ் (தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்குவது), முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்குவது), தைராய்டு என்று இதே குடும்பத்து நோயுள்ள பலர் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. நான் மருத்துவர் அல்ல. இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது பயன்பட்டால் போதும்.

நாடி எவ்வளவு துடித்தால் அதிகம் என்று கொள்வது?

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. 100ஐத் தாண்டினால் டாக்கிகார்டியா என்பார்கள். எண்ணும்போது 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காமல், முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு சீராக இருக்கிறதா, இடையிடையே தவறுகிறதா என்பதும் அப்போதுதான் விரலுக்குத் தெரியும். மாடிப்படி ஏறியவுடனோ, சாப்பிட்ட கையோடோ, யாரோடாவது வாக்குவாதம் செய்த உடனேயோ எண்ணிப் பயனில்லை.

ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு 'சைனஸ் டாக்கிகார்டியா, பயப்பட ஒன்றுமில்லை' என்றார்கள். பிறகு ஏன் இவ்வளவு அவதி?

இதயத்தில் துடிப்பு எந்த இடத்தில் பிறக்க வேண்டுமோ அங்கேதான் பிறக்கிறது, வேகம் மட்டும் கூடியிருக்கிறது என்பதே அந்தச் சொல்லின் பொருள். இதயத்தின் மின்பாதையில் கோளாறு தென்படவில்லை என்பது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் இதயத்தை யாரோ விரட்டுகிறார்கள், அது ஓடுகிறது. விரட்டுவது யார் என்பதை அந்த ஒரு தாள் சொல்லாது. 'பயப்பட ஒன்றுமில்லை' என்பதோடு தேடல் முடிந்துவிட்டதாக நினைத்து வீடு திரும்பிவிடாதீர்கள். 'சரி, எதனால் வேகம் கூடியிருக்கிறது?' என்று அங்கேயே பணிவாகக் கேளுங்கள்.

காரணம் தெரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் என்னென்ன பார்த்திருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். 'காரணம் தெரியாத படபடப்பு' என்று என்னிடம் சொன்னவர்களில் பலருக்கு, தேடல் பாதியிலேயே நின்றிருந்தது.

முதலில் ரத்தசோகை. நம் பகுதிப் பெண்களிடம் சர்வசாதாரணம். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறவர்கள் அதைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். இதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு, அழற்சி இருந்தால் தானாகவே உயர்ந்துவிடும். ஆகவே முடக்குவாதமோ லூபஸோ கிளர்ந்திருக்கும் நேரத்தில் ஃபெரிட்டின் இயல்பு என்று வந்தாலும் இரும்பு குறைவாக இருக்கலாம். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்தது தைராய்டு. 1835இல் அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் தம் பெயரால் பின்னாளில் வழங்கிய நோயைப் பதிவு செய்தபோது, அவர் கண்ணில் முதலில் பட்டதே கழுத்து வீங்கிய பெண்களிடம் இருந்த கடும் படபடப்புதான். அதுவும் தன்னுடல் தாக்குநோயே. ஹாஷிமோட்டோவில் தைராய்டு குறைந்துபோவதே வழக்கம் என்றாலும், தொடக்கக் கட்டத்தில் சிதையும் சுரப்பியிலிருந்து ஹார்மோன் கசிந்து சில காலம் அளவு கூடிவிடுவதும் உண்டு. தைராக்சின் மாத்திரையின் அளவு தேவைக்கு மேல் போனாலும் இதே கதைதான். தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை ஆறு மாதம் பழையதாக இருந்தால் புதிதாக எடுத்துவிடுவது நல்லது.

பிறகு மறைந்திருக்கும் தொற்று. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு ஏறத்தாழ 10 கூடும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் வெளிப்படையாகத் தெரியாமலே சிறுநீர்த் தொற்றோ நுரையீரல் தொற்றோ இருக்கலாம்.

அதன்பின் இதயமும் நுரையீரலும். லூபஸில் இதய உறையில் அழற்சி வரலாம். மல்லாந்து படுத்தால் வலி கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைவது அதன் அடையாளம். இதயத் தசையிலும் அழற்சி வரலாம். தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மாவில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடக்கூடும். ஆன்டிபாஸ்ஃபோலிபிட் எதிரணுக்கள் (எதிரணு என்பது ஆன்டிபாடி) உள்ளவர்களுக்கு ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும் அபாயம் உண்டு. இவற்றுக்குத்தான் எக்கோ (இதய ஸ்கேன்), ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), டி-டைமர் (ரத்த உறைவுக்கான பரிசோதனை) போன்றவை. எல்லாம் எல்லாருக்கும் தேவைப்படாது. ஆனால் உங்கள் நோயின் பெயர் தெரிந்த மருத்துவர் எதெது தேவை என்று யோசித்துத் தேர்ந்திருக்க வேண்டும்.

கடைசியாக, 24 மணி நேரம் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு திரியும் ஹோல்ட்டர் கருவி. மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜி சில விநாடிகளின் கதை. ஹோல்ட்டர் ஒரு பகலையும் ஓர் இரவையும் சொல்கிறது. இரவில் தூங்கும்போது துடிப்பு நன்றாக இறங்குகிறதா என்பது பெரிய துப்பு.

இத்தனையும் பார்த்த பிறகும் ஓய்வில் 100க்கு மேல், 24 மணி நேரச் சராசரி 90க்கு மேல் என்று இருந்து, அதனால் அவதியும் இருந்தால் அதற்கும் ஒரு பெயர் உண்டு: பொருத்தமில்லா சைனஸ் டாக்கிகார்டியா. பெயர் கிடைத்தால் சிகிச்சை தொடங்க ஒரு பிடி கிடைக்கிறது.

தன்னுடல் தாக்குநோய்க்கும் இதயத் துடிப்புக்கும் என்னதான் தொடர்பு?

இதயத்தின் வேகத்தை நாம் நினைத்து மாற்றுவதில்லை. தானியங்கு நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்கிறது. அதில் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கும். சிம்பதெடிக் நரம்புகள் முடுக்கும். முடக்குவாதத்திலும் லூபஸிலும் வேகஸின் பிடி தளர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பல முறை அளந்து காட்டியிருக்கிறார்கள். அழற்சியின்போது ரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருட்களும் துடிப்பை ஏற்றுகின்றன. ஷோகிரன் நோயில் சுரப்பிகளோடு நிற்காமல் மெல்லிய நரம்பிழைகளும் பாதிக்கப்படுவதுண்டு. எதிரணுக்களே அட்ரினலின் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றனவா என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. முடிவான விடை இன்னும் இல்லை. ஆக, உங்கள் மூட்டுவலிக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது அடித்துச் சொன்னால், அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது, உனக்கு மனப்பதற்றம் என்கிறார்கள். உண்மையாகவே எனக்கு அப்படித்தானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சோதிக்காமல் சொன்னால் அது ஊகம். இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பிய பெண்களைக் கடலூரிலும் நெல்லிக்குப்பத்திலும் பண்ருட்டியிலும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்குப் பிறகு ஹீமோகுளோபின் 7க்கு அருகில் இருப்பது, அதாவது கடும் ரத்தசோகை இருப்பது தெரிந்தது. எனக்கு இதில் உள்ள கோபம் எளிதில் ஆறாது.

பதற்றத்தால் வரும் படபடப்பு பொதுவாக ஒரு நினைப்போடு, ஒரு பயத்தோடு வரும், படுத்திருந்தாலும் வரும். எழுந்து நின்றால் ஏறி, படுத்தால் சில நிமிடங்களில் இறங்கும் துடிப்பு, உடலின் நிலையைப் பொறுத்தது. மனம் நிம்மதியாக இருக்கும் நாளிலும் அது மாறாது. இந்த வேறுபாட்டை வாயால் சொன்னால் எடுபடுவது கடினம். தாளில் எண்களாகக் காட்டினால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, காலையில் எழுவதற்கு முன், எழுந்து நின்று 10 நிமிடம் கழித்து, மாலையில் ஒரு முறை என்று நாடியை எழுதுங்கள். பக்கத்திலேயே தூக்கம், மாதவிலக்கு நாள், சாப்பாடு, மாத்திரை, வெயிலில் போனது. இரண்டு வாரம் எழுதினாலே ஒரு வடிவம் தெரியும். நான் இதுவரை கற்றவற்றில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

படபடப்போடு நெடுநாள் வாழ்ந்தால் பதற்றமும் கூடவே வந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு மனநல மருத்துவரைப் பார்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை. அதைப் பார்க்கிறோம் என்பதற்காக இதயத்தைப் பார்ப்பதை நிறுத்த வேண்டியதுமில்லை.

பாட்ஸ் என்கிறார்களே, அது என்ன? வீட்டில் சோதித்துப் பார்க்க முடியுமா?

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும். அந்தச் சுருக்கம் சரியாக நடக்காதபோது இதயம் ஓடி ஈடுகட்டப் பார்க்கிறது. நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் ஏறி அங்கேயே நின்றால், ரத்த அழுத்தம் பெரிதாக விழாமல் இருந்தால், இந்த அவதி குறைந்தது மூன்று மாதமாவது தொடர்ந்தால் பாட்ஸ் என்று பெயர் வைக்கிறார்கள். 12 முதல் 19 வயது உள்ளவர்களுக்கு 40 ஏற வேண்டும். இந்தப் பெயர் 1993இல்தான் மருத்துவ உலகில் நிலைபெற்றது. ஆனால் 1871இலேயே அமெரிக்க மருத்துவர் டா கோஸ்டா, போர்வீரர்களிடம் இதைப் போன்ற படபடப்பைக் கண்டு விரிவாக எழுதியிருக்கிறார். இன்று இது பெரும்பாலும் இளம்பெண்களிடம் காணப்படுகிறது. ஹாஷிமோட்டோ, ஷோகிரன், லூபஸ் உள்ளவர்களிடம் கூடுதலாகவும், கோவிட் போன்ற வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் வருகிறது.

வீட்டில் செய்ய, காலையில் காபிக்கு முன்பு நேரம் ஒதுக்குங்கள். 10 நிமிடம் அசையாமல் படுத்திருந்து நாடியையும், பிபி கருவி இருந்தால் அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு எழுந்து சுவரில் லேசாகச் சாய்ந்து, கால்களை ஆட்டாமல் நில்லுங்கள். 1, 3, 5, 10ஆம் நிமிடங்களில் மீண்டும் குறியுங்கள். வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கண் இருட்டினால் உடனே படுத்துவிடுங்கள், சோதனை அதோடு போதும். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது வேறு பிரச்சினை. அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தசோகை, நீர்வற்றல், காய்ச்சல் உள்ளவர்களுக்கும் இதே எண்கள் வரும் என்பதால், இந்தத் தாளை வைத்து நீங்களே நோய்க்குப் பெயர் சூட்டிவிட வேண்டாம்.

எனக்கு அப்படி இல்லை. திடீரென்று 170, 180க்குப் போகிறது; பத்து நிமிடம் கழித்துத் திடீரென்று நின்றுவிடுகிறது.

சுவிட்ச் போட்டு அணைத்ததுபோல் தொடங்கி முடிவது எஸ்விடி எனப்படும் மின்பாதைக் கோளாறாக இருக்கலாம். இது மேலே சொன்னவற்றிலிருந்து வேறுபட்டது. பெரும்பாலும் சிறு குழாய் வழி சிகிச்சையிலேயே குணப்படுத்தக்கூடியதும்கூட. நடக்கும் நேரத்திலேயே ஈசிஜி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அருகில் எங்கே ஈசிஜி வசதி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நெஞ்சுவலி, மயங்கி விழுதல், திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், ஒரு பக்கம் கைகால் விளங்காமல் போவது அல்லது பேச்சுக் குழறல், ஓய்விலும் 150க்குக் கீழ் இறங்காத துடிப்பு, ஒழுங்கற்ற துடிப்போடு வியர்த்துக்கொட்டுவது. இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் அதே எண்தான். இரவு நேரம், விடியட்டும், வீட்டில் ஆள் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். ஸ்டீராய்டு எடுத்துவந்து அண்மையில் நிறுத்தியவர்கள் வாந்தி, தலைசுற்றல், குறைந்த அழுத்தம், வேகத் துடிப்பு நான்கும் சேர்ந்து வந்தால், 'நான் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அட்ரினல் சுரப்பி ஓய்ந்துபோன நிலையில் அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காக்கும்.

நான் எடுக்கும் மாத்திரைகளாலேயே வருமா?

வரும். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால், குளிரில் விரல் வெளுக்கும் ரேனாடு தொல்லைக்குக் கொடுக்கும் நிஃபெடிபைன், நரம்புவலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், நீர் பிரியச் செய்யும் பிபி மாத்திரைகள் ஆகியவை துடிப்பை ஏற்றக்கூடியவை. அமிட்ரிப்டிலின் வாயையும் வறட்டும் என்பதால் ஷோகிரன் உள்ளவர்களுக்கு இரட்டைத் தொல்லை. வாய் வறட்சிக்குக் கொடுக்கும் பைலோகார்பின் நிறைய வியர்க்கவைக்கும். குடிக்கும் தண்ணீரைக் கூட்டாவிட்டால் நீர் வற்றித் துடிப்பு ஏறும்.

லூபஸ், முடக்குவாதக்காரர்களில் பலர் எடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மிக நல்ல மருந்து, பயந்து நிறுத்தாதீர்கள். ஆனால் அது ஈசிஜியில் கியூடி என்ற இடைவெளியை நீட்டக்கூடும்; அளவுக்கு மேல் நீண்டால் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறலாம். தொண்டைவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கும் அசித்ரோமைசினும் அதையே செய்யும். இரண்டும் சேரலாமா என்று கேட்காமல் விழுங்கக் கூடாது. உங்கள் மாத்திரைப் பட்டியல் முழுவதும் ஒரே தாளில் பையிலேயே இருக்கட்டும்.

இந்தப் பகுதியில் யாரைப் பார்ப்பது?

ஒரே ஆளைப் பார்த்து முடிகிற விஷயம் அல்ல இது. ருமட்டாலஜி அல்லது நோய் எதிர்ப்பியல் மருத்துவர் ஒருவரும் இதய மருத்துவர் ஒருவரும் வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கும்படி கோப்பை நீங்கள்தான் தூக்கிச் சுமக்க வேண்டும். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் இத்தகைய நோய்களுக்கென்றே நோய் எதிர்ப்பியல் மருத்துவத் துறை தனியாக இருக்கிறது. இதயத் துறையும் அங்கேயே இருக்கிறது. கடலூரிலிருந்து போகிறவர்கள் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கித் திண்டிவனம் சாலைப் பக்கம் போகும் பஸ்ஸில் மாற வேண்டும். வெளிநோயாளிப் பதிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். துணைக்கு ஒருவர் வரிசையில் நிற்க, நீங்கள் உட்கார்ந்திருங்கள். நின்றால் மயக்கம் வரும் என்று சொல்லி இருக்கை கேட்பதற்குத் தயங்காதீர்கள். முந்தைய ஈசிஜி தாள்களை நகலெடுத்துவைப்பது அவசியம். அந்த வெப்பத் தாள் ஓரிரு ஆண்டில் வெளிறிப்போகும்.

கத்திரி வெயிலில் என்னால் தாங்கவே முடிவதில்லை. ஏன்?

வெப்பத்தில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. நமக்கு ஏற்கெனவே குறைவாக இருக்கும் ரத்த ஓட்டம் இன்னும் சிதறுகிறது. கடலோரத்தில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை உலராமல் வழிகிறது. உடல் குளிர்வதும் இல்லை. உள்நாட்டில் வேலூர் வெயிலைத் தாங்கும் ஒருவருக்குக் கடலூர் மே மாதம் தாங்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ஷோகிரன் உள்ள சிலருக்கு வியர்ப்பதே குறைந்துவிடும், அது இன்னும் ஆபத்து. லூபஸ் உள்ளவர்களுக்கு வெயில் நோயையே கிளப்பும்.

வெளிவேலைகளைக் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். சுடுநீர்க் குளியலைத் தவிருங்கள். குளிக்கும்போது முக்காலி போட்டு உட்காருங்கள். சமையலறையில் அடுப்பின் முன் நிற்பதுதான் பலருக்கும் பெரிய வதை. காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் உட்கார்ந்தே நடக்கட்டும்.

உப்பும் தண்ணீரும் அதிகம் சேர்க்கச் சொல்கிறார்கள். எனக்குச் சரிவருமா?

பாட்ஸ் உள்ளவர்களுக்கு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் நீரும் கூடுதல் உப்பும் முதல் சிகிச்சை. ஆனால் லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தாலோ, ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தாலோ, ஸ்டீராய்டால் கால் வீங்கியிருந்தாலோ உப்பு தீங்கு செய்யும். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் இரண்டையும் பார்த்த மருத்துவர் சரியென்றால் மட்டும்.

சரியென்றால் நமக்கு வழிகள் ஏராளம். பழைய சோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டு எழுந்தவுடன் ஒரு சொம்பு, நண்பகலில் உப்பு மோர். ஓஆர்எஸ் பொட்டலம் என்றால் ஒரு லிட்டருக்கானதை ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் கெடுதல். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. உப்பு தேவைப்படும் இடத்தில் அது மட்டும் போதாது. சிறுநீரகம் பழுதானவர்கள் இளநீரையும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். வயிறு முட்டச் சோறு சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய்ப் படபடப்பு கூடும். மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்துக்கொண்டால் பிற்பகல் நன்றாக இருக்கும்.

விரதம் இருக்கலாமா? கோயில் வரிசையில் நிற்க முடியவில்லையே?

தண்ணீர்கூட இல்லாத விரதம் வேண்டாம். பால், பழம், மோரோடு இருக்கும் விரதத்தை மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம். நோன்பு இருக்கும் பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் சகோதரிகளுக்கும் இதே கவலை இருக்கிறது. நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு. மாத்திரை நேரத்தையும் நோன்பையும் வைத்து மருத்துவரோடு முன்பே பேசிவிடுங்கள்.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் கூட்டத்திலோ, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ அசையாமல் நிற்க நேர்ந்தால், கால்களைக் குறுக்காகப் பின்னித் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். குதிகாலை மாறி மாறித் தூக்குங்கள். கெண்டைத்தசை சுருங்கினால் ரத்தம் மேலேறும். கண் இருட்டத் தொடங்கினால் வெட்கப்படாமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். ரேஷன் கடை வரிசைக்கும் இதுவே.

காபி? மது?

காபி ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வாரம் விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மது ரத்தக்குழாய்களை விரித்து நீரையும் வெளியேற்றும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்குக் கல்லீரலையும் கெடுக்கும். வேண்டாம்.

நாட்டு மருந்து எடுக்கலாமா?

அமுக்கரா எதிர்ப்பாற்றலைத் தூண்டவும் தைராய்டு ஹார்மோனைக் கூட்டவும் கூடியது. நம் நோயில் இரண்டும் வேண்டாதவை. அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். 'மூட்டுவலிக்குக் கைகண்ட பொடி' என்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. தகுதிபெற்ற சித்த மருத்துவரிடம் போகிறீர்கள் என்றால் இரண்டு பக்க மருந்துச் சீட்டையும் இரண்டு பேரிடமும் காட்டுங்கள்.

துடிப்பைக் குறைக்க மாத்திரை எழுதியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டுமா?

தேவையில்லாமல் போகலாம். அடிக்கடி எழுதப்படுவது புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர். ஆஸ்துமா உள்ளவர்களும் ரேனாடு உள்ளவர்களும் அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் அது மோசமாக்கும். திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும் என்பதால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று ஐவாப்ராடின். இது அழுத்தத்தைக் குறைக்காமல் துடிப்பை மட்டும் குறைக்கிறது. கண்ணில் ஒளித்திட்டுகள் தோன்றலாம், பெரும்பாலும் தானே சரியாகும். பம்பளிமாஸ் பழத்தோடு ஆகாது. கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் எடுக்கக் கூடாது.

அழற்சி அடங்கும்போது துடிப்பும் இறங்குவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஆகவே அடிப்படையான தன்னுடல் தாக்குநோயின் மருந்தை ஒழுங்காக எடுப்பதே படபடப்புக்கான மருந்தின் பெரும்பகுதி.

நடைப்பயிற்சி செய்தால் அடுத்த நாள் படுத்தே கிடக்கிறேன். விட்டுவிடவா?

விட்டுவிட்டால் தசை கரைந்து, துடிப்பு இன்னும் ஏறும். நின்று செய்வதை விட்டுப் படுத்துச் செய்வதில் தொடங்குங்கள். பாயில் மல்லாந்து ஒவ்வொரு காலாகத் தூக்குவது, இடுப்பை உயர்த்துவது, சாய்ந்த நிலையில் மிதிக்கும் சைக்கிள். ஐந்து நிமிடம்கூடத் தொடக்கத்துக்குப் போதும். மாதக்கணக்கில் மெல்லக் கூட்டி, பிறகு நடைக்கு வரலாம். சில்வர் பீச் மணலில் நடப்பது பின்னால் வைத்துக்கொள்ள வேண்டிய ஆசை, முதலில் சமதரை. கால் முழுக்க இறுக்கும் உறையைக் கடலூர் வெயிலில் அணிவது கொடுமை. அதற்குப் பதில் வயிற்றை இறுக்கும் பெல்ட் பலருக்கு உதவுகிறது. இதய உறையிலோ தசையிலோ அழற்சி இருக்கும் காலத்தில் எந்தப் பயிற்சியும் கூடாது.

கைக்கடிகாரம் நாள் முழுவதும் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

குறித்த மூன்று நேரங்களைத் தவிர மற்ற நேரத்தில் கழற்றி வையுங்கள். எண்ணைப் பார்த்த பயத்திலேயே எண் ஏறும்.

வீட்டில் நம்புவதில்லை. 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்' என்கிறார் மாமியார்.

இந்தக் கேள்வியைக் கேட்காத பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை. நாடி பார்க்க அவருக்கே கற்றுக்கொடுங்கள். படுத்திருக்கும்போது உங்கள் மணிக்கட்டில் அவர் விரலை வையுங்கள். பிறகு எழுந்து நின்று அதே விரலை வைக்கச் சொல்லுங்கள். 'அத்தை, நீங்களே எண்ணுங்கள்' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். கணவரை ஒரு முறையாவது மருத்துவரின் அறைக்குள் அழைத்துப் போங்கள். வெளியே வண்டியில் காத்திருப்பவருக்கு எதுவும் புரியாது. அப்போதும் நம்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் நிரூபிப்பதில் செலவாகும் பலம் நமக்கு வேறு வேலைக்கு வேண்டும்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பலர் நலமாகப் பெற்றிருக்கிறார்கள். திட்டமிட்டுச் செய்ய வேண்டும். கர்ப்பத்தில் துடிப்பு இயல்பாகவே 10 முதல் 20 வரை கூடும். மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் போன்றவற்றைக் கருத்தரிக்கும் முன்பே மாற்ற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். ஷோகிரன், லூபஸ் உள்ளவர்களிடம் காணப்படும் ஆன்டி-ரோ எதிரணு, குறைந்த விழுக்காட்டுக் கருக்களில் இதயத் துடிப்பை மந்தமாக்கும். அந்தப் பரிசோதனை முடிவு மகப்பேறு மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் 16, 18 வாரங்களிலிருந்தே குழந்தையின் இதயத்தை எக்கோவில் கண்காணிப்பார்.

பல் பிடுங்கப் போகிறேன். சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. உமிழ்நீர் குறைவால் நமக்குச் சொத்தை அதிகம், ஆகவே பல் மருத்துவரிடம் அடிக்கடி போக நேரும். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். போட்ட சில நொடிகளில் நெஞ்சு எகிறும். அட்ரினலின் இல்லாத ஊசியோ குறைந்த அளவோ முடியுமா என்று முன்பே கேளுங்கள். புரோப்ரனலால் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அட்ரினலினோடு சேர்ந்து அழுத்தம் ஏறக்கூடும். ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் ஊசிக்கு முந்தைய நாளே தங்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். நாற்காலியிலிருந்து இறங்கும்போது கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்திருங்கள்.